வைக்கோல் நெய்யாகும் விதமும் ஈன்ற பசுவின் சர்க்கரைக் குறைவும்

நெல் வைக்கோலில் கொழுப்பு நூற்றுக்கு 2 பங்கு கூடத் தேறாது. அதையே பெருந்தீனியாகக் கொண்ட பசுவின் பாலிலோ நூற்றுக்கு 4 பங்குக்கு மேலும் வெண்ணெய்ச் சத்து காண்பது குடியானவர் யாவரும் அறிந்ததே. இக்கொழுப்பு பிண்ணாக்கிலிருந்து மாத்திரம் வருவதென்று எண்ணுவோர் பலர். அது பாதி உண்மையேயாகும்.

பசு விழுங்கிய வைக்கோலை அதன் முதல் இரைப்பையில் வாழும் நுண்கிருமிகள் புளிக்க வைக்கின்றன. அப்போது உண்டாகும் அமிலங்களில் முக்கால் பங்கை ஒட்டியது, காடியில் உள்ள அசெட்டிக் அமிலமே. எஞ்சியவற்றுள் முக்கியமானது புரோப்பியோனிக் அமிலம். இவை இரத்தத்தில் கலந்து உடலெங்கும் செல்கின்றன. ஆனால் அசெட்டிக் அமிலம் தானாக எவ்வேலையையும் செய்ய வல்லதன்று. அதைச் சுமந்து செல்ல ஓர் ஆள் வேண்டும். அவ்வாளே கோ-என்சைம் ஏ எனப்படும் வஸ்து. களத்து நெல்லைக் கூடையில் சுமந்து பத்தாயத்தில் கொட்டிவிட்டு, வெறுங்கூடையுடன் திரும்பும் கூலியாளைப் போல், இது சுமையை இறக்கியபின் மீண்டும் மீண்டும் பயன்படுகிறது.

பாஸ்டன் நகரில் புறாவின் ஈரலை ஆராய்ந்த பிரிட்ஸ் லிப்மன் என்பார் 1940-களின் நடுவில் இதனைக் கண்டறிந்து, 1953-ல் நோபெல் பரிசில் பங்கு பெற்றார். சுமையேறிய நிலையிலுள்ள வஸ்துவை ஈஸ்டிலிருந்து 1951-ல் பிரித்தெடுத்தவர் ஜெர்மானியராகிய பியோடர் லினன். இச்சுமையாளின் உடலில் பாண்டோதெனிக் அமிலம் என்னும் வைட்டமின் ஓர் உறுப்பாக உள்ளது. கறவை மாட்டுக்கு அதனை நுண்கிருமிகளே செய்து கொடுத்துவிடுகின்றன. கோழிக்கு அவ்வசதியில்லை, தவிடும் கடலைப் பிண்ணாக்கும் கிடையாது வளரும் குஞ்சுகளுக்கு இமைகள் ஒட்டிக்கொண்டு, அலகோரத்தில் பொருக்குத் தட்டுவதுண்டு.

மடியை அடைந்த சுமை ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டுக் கொழுப்பாகிறது. பால் கொழுப்பில் ஏறக்குறையப் பாதி இவ்விதம் மடியிலேயே உண்டாவது. ஆகவே தானியத்தை மிகுதியாக வைத்து வைக்கோலையும் பசும்புல்லையும் குறைப்பவர், பால் பெருகியும் கொழுப்பு குறையக் காண்பர். கொழுப்பைச் சோதித்து விலை கொடுக்கும் இடங்களில் இதன் நஷ்டம் சிறிதன்று.

மற்ற அங்கங்களில் இச்சுமை ஆக்ஸலோ அசிட்டேட் என்னும் வேறொரு பொருளுடன் கூடி எரிந்து சக்தியாகிறது. இங்கேதான் ஆபத்தும் உள்ளது. 10 லிட்டர் பால் கறக்கும் பசு நாளொன்றுக்கு ஏறக்குறைய அரைக் கிலோ பால் சர்க்கரையைக் கொடுத்துவிடுகிறது. தீனியிலுள்ள சர்க்கரையை நுண்கிருமிகள் முன்னரே தின்றுவிடுவதால், பெரும்பாலும் புரோப்பியோனிக் அமிலத்தைக் கொண்டு ஈரலே சர்க்கரை செய்யவேண்டும். ஈன்ற சில வாரங்களில் பால் ஏறுகிறது, தீனியோ அவ்வளவு ஏறுவதில்லை. உடற்கொழுப்பு கரைந்து ஈரலில் சுமை குவிகிறது. ஆக்ஸலோ அசிட்டேட் சர்க்கரை செய்யப் போய்விடுகிறது. எரிய வழியற்ற சுமைகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து கீட்டோன்களாக மாறுகின்றன. இதுவே கீட்டோசிஸ் என்னும் நோய்.

குவிந்த சுமையையே சர்க்கரையாக்கினால் என்ன என்று கேட்கலாம். முளைக்கும் ஆமணக்கு விதை தன் எண்ணெயை அவ்வாறே சர்க்கரையாக்கி முளையை வளர்க்கிறது. அவ்வழி 1957-ல் வெளியாயிற்று. அதற்குரிய இரு என்சைம்கள் பசுவின் உடலில் இல்லை.

நோயுற்ற பசு முதலில் அடர்தீனியை வெறுக்கும். வைக்கோலை ஓரளவு கடிக்கும். பால் விரைவில் இறங்கும், உடல் மெலியும். மூச்சில் ஒருவிதத் தித்திப்பு மணம் வீசுவதுண்டு; அதனை எல்லா மூக்கும் அறியா. திருஷ்டி என்று கருதி நாள் கடத்துவது தகாது. வெல்லக் கரைசல் ஊற்றும் வழக்கமும் பெரும்பயன் தராது. அதுவும் முதல் இரைப்பையிலேயே புளித்துவிடும், அளவு மிஞ்சினால் வேறு கோளாறும் நேரும். கால்நடை மருத்துவர் சிறுநீரையோ பாலையோ சோதித்து, நரம்பின் வழியே குளுக்கோஸ் ஏற்றுவார். புரோபிலீன் கிளைக்கால் புகட்டுவதும் உண்டு.

வற்றுகாலத்தில் பசுவை மிதமிஞ்சிக் கொழுக்க விடலாகாது. ஈன்றபின் அடர்தீனியை ஒரேயடியாக அன்றி, சிறிது சிறிதாகக் கூட்டி வரவேண்டும். அப்போதும் தட்டையையோ பசும்புல்லையோ தொட்டியிலிருந்து நீக்கக் கூடாது.