வாசலில் தேங்கும் நீரும் சிறு டிராக்டரும்

நாகபுரியின் புறப்பகுதிகளில் மனை வாங்கி வீடு கட்டிக்கொண்ட தமிழ்க் குடும்பங்கள் பல. பணி முடிந்து குவார்ட்டர்ஸை விட்டு வரும் நாளில் தங்க ஓர் இடம் வேண்டுமே என்று நாம் வாங்கிய மனைகளில் பெரும்பாலானவை கரிசல் நிலம். கோவில்பட்டிப் பக்கத்து அன்பர்களுக்கு அம்மண்ணின் குணத்தைச் சொல்ல வேண்டியதில்லை. நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும், நனைந்தபின் நீரை எளிதில் உள்ளே விடாது. ஜூன் நடுவில் மழை தொடங்கிவிட்டால் வாசலில் தேங்கிய நீர் நாட்கணக்கில் நகர்வதில்லை. கொசு பெருகுவதோடு, மண் உப்பியும் சுருங்கியும் சுவரில் விரிசல் காண்கிறது.

இதற்குப் பரிகாரமாக, நாலைந்து குடும்பங்கள் கூடி, பின்புறம் தோண்டுங்கை பொருத்திய சிறு டிராக்டர் ஒன்றை வாங்கலாமா என்ற யோசனை நம்மிடையே எழுந்துள்ளது. சேமநல நிதியில் கடன் பெறவும் சிலர் ஆயத்தமாயிருக்கின்றனர். ஆகவே சிலவற்றை முன்னரே ஆராய்வது நலம்.

முதலாவது, நீர் எங்கே போய்ச் சேரும்? தெருச் சாக்கடையின் அடிமட்டம் நம் வாசலைவிடத் தாழ்ந்திருந்தாலன்றி எந்த இயந்திரமும் பயன்படாது. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயில் நீர் நிரப்பி மட்டம் பார்த்தால் இது தெரிந்துவிடும். 100 அடிக்கு 1 அடி வாட்டம் இருப்பது நன்று. அண்டை வீட்டார் மனைக்குள் நீரைத் திருப்புவது தீர்வாகாது. அது வழக்குக்கே வித்தாகும்.

இரண்டாவது, தோண்டாமலே தீருமா? சுவரிலிருந்து முதல் 10 அடிக்குள் தரை அரை அடி தாழும்படி மண் இட்டு, ஓரத்தில் ஆழமற்ற வாய்க்கால் அமைத்தாலே பல வீடுகளில் போதும். கரிசலில் நீர் மெல்லவே இறங்குவதால், புதைகுழாயைவிட மேல்வாய்க்கால் விரைவாகப் பயன் தரும்.

மூன்றாவது, வேலையின் அளவு. 100 அடி நீளம், 1 அடி அகலம், 2 அடி ஆழமுள்ள பள்ளத்தில் எடுக்க வேண்டிய மண் 200 கன அடி. இரண்டு ஆட்களுக்குச் சுமார் மூன்று நான்கு நாள் வேலை. இயந்திரத்துக்கு ஒரு நாள் போதும். ஐந்து வீடுகளானாலும் ஒரு வாரத்தில் முடியும் வேலைக்காக, ஆண்டெல்லாம் கொட்டகையில் நிற்கும் வண்டிக்குக் கடன் படுவதா? விளைநிலம் வைத்திருப்போருக்கே சொந்த டிராக்டர் தகும். மற்றவர் சேர்ந்து வாடகைக்கு அமர்த்துவதே சிக்கனம்.

வாங்கினாலும் வாடகைக்கு எடுத்தாலும் கவனிக்க வேண்டியவை சில உண்டு. பெரிய ஜே.சி.பி. ஏழு டன்னுக்கு மேற்பட்ட எடையும் ஏழடிக்கு மேற்பட்ட அகலமும் உடையது. நம் வாயிற்கதவில் நுழையாது. நுழைந்தாலும் செப்டிக் டாங்கின் மூடியை நொறுக்கிவிடக்கூடும். சிறு டிராக்டரில் குதிரைசக்தியை மட்டும் பார்த்து மயங்கலாகாது. தோண்டுங்கை வெறும் மூன்று முனை இணைப்பில் தொங்குவதைவிட, வண்டியின் அடியில் செல்லும் சட்டத்தோடு பிணைந்திருப்பதே உறுதியானது. பின்பாரத்தால் முன்பக்கம் தூக்காதபடி முன்னே எதிர்ப்பாரம் வேண்டும். இருபுறமும் தாங்குகால்கள், ஓட்டுநருக்கு மேல் கவிழ்காப்புச் சட்டம், இருக்கைப் பட்டை ஆகியவை அவசியம். இத்தோண்டுங்கையை டிராக்டர் தயாரிப்பாளர் ஏற்கின்றாரா என்றும் கேட்க வேண்டும்; இல்லையேல் உத்தரவாதம் போய்விடக்கூடும். ஓரடி அகல வாளி இருந்தால் வீணாக மண் எடுக்க நேராது.

தோண்டுமுன் குடிநீர்க் குழாயும் மின்கம்பியும் செல்லும் இடங்களைக் குறித்துக்கொள்க. அஸ்திவாரத்தை ஒட்டிப் பள்ளம் வெட்டலாகாது. ஐந்தடிக்கு மேற்பட்ட பள்ளத்தில் முட்டுக்கொடுக்காமல் எவரையும் இறக்கலாகாது. கரிசற்கரை சொல்லாமல் சரியும். மே மாதத்தில் மண் கல்லாயிருக்கும். மழையில் சக்கரம் புதையும். ஈரம் சற்றே எஞ்சியிருக்கும் நவம்பர், டிசம்பரே வேலைக்கு ஏற்ற காலம்.

ஒவ்வொரு குடும்பத்தாரும் தங்கள் மனையின் வாட்டம், வாயிற்கதவின் அகலம், பள்ளத்தின் நீளம் ஆகிய மூன்றையும் அளந்து, சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவருவார்களாக. அவ்வளவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபின் கடன் மனுவில் கையெழுத்திடலாம். பெரும்பாலும் அதற்குத் தேவையே இராது.