காவு வண்டியும் காத்திருப்போரும்

நோயாளன், மருத்துவன், மருந்து, அருகிருந்து உதவுவோன் என்னும் நான்கினையும் மருத்துவத்தின் கூறுகளாகத் திருவள்ளுவர் வகுத்துக் காட்டினார். இந்நான்கும் ஓரிடத்தே கூடியிருக்கும் ஊர்களில் அப்பகுப்பு நிறைவுடையதே. நோயாளன் ஓரிடத்தும் மருத்துவன் ஐந்நூறு கிலோமீற்றருக்கு அப்பாலும் இருக்கும் நிலங்களிலோ ஐந்தாவதாக ஒன்று வேண்டப்படுகின்றது. அதுவே வழியைக் கடப்பிக்கும் ஊர்தி. உயிர் ஊசலாடும் வேளையிலே அவ்வூர்தியை அனுப்பலாமா என்று எவரும் வினவார். உயிருக்கு உடனடி இடர் இல்லை. ஆயினும் தானாகச் சென்று மருத்துவம் பெறும் வலியும் இல்லை. இத்தகைய நோயாளனுக்காக அதனை அனுப்புவதா என்னும்போதே அறஞ்சார்ந்த ஐயங்கள் எழுகின்றன. இவ்வையங்களை ஆராய்வதற்கு அவுஸ்திரேலியாவின் உள்நாடு மிகவும் ஏற்ற களமாகும்.

அந்நாட்டிலே மருத்துவப் போக்குவரத்து என்னும் எண்ணமே ஓர் அவலத்திலிருந்து பிறந்தது எனலாம். 1917 ஆம் ஆண்டிலே மேற்கு அவுஸ்திரேலியாவின் வடபாலுள்ள ஹோல்ஸ் கிறீக் என்னும் சிற்றூரில், மாட்டுப்பண்ணைத் தொழிலாளி ஒருவர் குதிரையினின்றும் வீழ்ந்து படுகாயமுற்றார். ஏறத்தாழ 3000 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள பேர்த் நகரிலிருந்து வைத்தியர் தந்தி மூலம் ஒவ்வொரு செயலாகக் கூற, அவ்வூர்த் தபாலதிபர் பேனாக்கத்தியைக் கொண்டு சத்திரசிகிச்சை செய்தார். கப்பலிலும் மோட்டார் வண்டியிலும் பல நாட் பயணஞ்செய்து வைத்தியர் வந்து சேர்வதற்கு முன்னரே நோயாளர் இறந்துவிட்டார். அதே ஆண்டில், போர்ப்படையிலே சேர்ந்திருந்த கிளிபர்ட் பீல் என்னும் மருத்துவ மாணவர், ஆகாய விமானத்தால் உள்நாட்டு மக்களுக்கு மருத்துவம் கொண்டுசெல்லலாம் என ஜோன் பிளின் என்னும் பாதிரியாருக்கு எழுதினார். பிளின் பல்லாண்டு முயன்றதன் பயனாக 1928 ஆம் ஆண்டு மே மாதத்திலே குயின்ஸ்லாந்தின் குளோன்கரி என்னும் ஊரிலிருந்து முதல் வைத்திய விமானம் பறந்தது. அடுத்த ஆண்டு, காலால் மிதித்து மின்விசை உண்டாக்கும் வானொலிக் கருவியை அல்பிரட் டிரேகர் அமைத்து வழங்கவே, தனித்த பண்ணை வீடுகளும் வைத்தியரை அழைக்கும் ஆற்றல் பெற்றன. பறக்கும் வைத்தியர் சேவையின் இவ்வரலாறு பலரும் அறிந்ததே.

பலர் அறியாதது யாதெனில், அச்சேவையின் விமானங்கள் இன்று செய்யும் மருத்துவப் பயணங்களிற் பெரும்பகுதி விபத்து நேர்ந்த இடத்துக்குப் பறக்கும் வீரப் பயணங்கள் அல்ல என்பதே. சிறிய வைத்தியசாலையிலிருந்து பெரிய வைத்தியசாலைக்கு நோயாளரை மாற்றும் பயணங்களே அவற்றுள் மிகுதி. சில மாநிலங்களிலே அவசரமற்ற நோயாளரைத் தரைவழியே ஏற்றிச்செல்லும் வண்டிகளையும் அச்சேவை நடத்துகின்றது. செய்தித்தாள்கள் புகழ்வது முன்னையதை. நாள்தோறும் நடைபெறுவது பின்னையது.

சிக்கல் எங்கே தோன்றுகின்றது? மேற்கு அவுஸ்திரேலியாவின் நாட்டுப்புறங்களிலே நோயாளர் காவு வண்டிகளைப் பெரும்பாலும் ஊதியம் பெறாத தொண்டர்களே ஓட்டுகின்றனர். கமக்காரர், கடைக்காரர், ஆசிரியர் எனத் தத்தம் தொழிலை விட்டு வருபவர் அவர். ஓர் ஊரில் ஒரே வண்டியும் அன்றைக்கு வரக்கூடிய தொண்டர் இருவருமே உளர் எனக் கொள்க. இடுப்பெலும்பு முறிந்து தேறிவரும் மூதாட்டி ஒருவர் 250 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள வைத்தியசாலையிலே குறித்த நாளில் வைத்தியரைக் காணவேண்டும். காரில் உட்கார அவரால் இயலாது. வண்டி காலையிற் புறப்பட்டால் மாலையிலேதான் மீளும். அப்பகற்பொழுது முழுவதும் ஊரிலே ஒருவருக்கு மாரடைப்பு நேரினும், ஒருவர் உழவு இயந்திரத்தின்கீழ் அகப்படினும், அயலூர் வண்டி வருமளவும் காத்திருக்க வேண்டியதுதான்.

ஒருபுறத்தே முகமறிந்த ஒருவரின் உறுதியான தேவை உளது; மறுபுறத்தே இன்னார் என்றறியாத ஒருவருக்கு நேரக்கூடிய பேரிடர் உளது. கண்முன் நிற்பவரை மறுத்தல் கொடுமையெனத் தோன்றும். காணாதவரை மறத்தல் எளிது. அவர் வந்து முறையிடப்போவதில்லை. தொகை நோக்கி அறம் வகுப்போர் எதனால் மிகுதியான உயிர்கள் காக்கப்படும் என்று கணக்கிடச் சொல்வர். அக்கணக்கு பிழையென்று தள்ளுவதற்கில்லை. ஆயினும் அதனையே நாள்தோறும் கொள்வதாயின், மூதாட்டியின் முறை ஒருநாளும் வாராது. ஏனெனில், நேரக்கூடிய பேரிடர் நேராத நாள் ஒன்று உண்டென்று முன்கூட்டி எவரும் உறுதி கூறவியலாது. ஆதலின், அவசர வண்டியும் அவசரமற்ற வண்டியும் வெவ்வேறாக இருத்தல் வேண்டும் என்பதே நேரிய விடை. ஆனால், சில நூறு பேர் வாழும் ஊருக்கு இரு வண்டிகள் எங்கிருந்து வரும் என்று திறைசேரி வினவும்.

இனி, ‘அவசரமற்ற’ என்னுஞ் சொல்லே ஆராயத்தக்கது. அது நோயின் இயல்பைக் குறிப்பதன்று. ஒரு குறித்த மணிநேரத்திலே நோய் இருக்கும் நிலையை மட்டும் குறிப்பது. சிறுநீரகம் பழுதுற்றவர் கிழமைக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கைந்து மணிநேரம், குருதிச் சுத்திகரிப்புப் பெறுதல் வேண்டும். திங்கட்கிழமை அவர் செல்லும் பயணம் அவசரமற்றது. அப்பயணமும் அடுத்ததும் தவறினால், உடலிலே நீரும் பொற்றாசியமும் மிகுந்து, அவரைக் கொண்டுசெல்ல விமானமே வேண்டியதாகும். சிறு செலவை மறுத்துப் பெருஞ் செலவை வரவழைக்கும் இச்சிக்கனம் வியப்புக்குரியதே!

கட்டணமும் கருதற்பாலது. குயின்ஸ்லாந்து, தஸ்மேனியா ஆகிய மாநிலங்களிலே அங்கு வாழ்வோரிடம் காவு வண்டிக்குப் பொதுவாகக் கட்டணம் பெறுவதில்லை. ஏனைய மாநிலங்களில் ஓய்வூதியக்காரர் முதலியோருக்குச் சலுகையும், சந்தா செலுத்துவோருக்குக் காப்பும் உண்டாயினும், மற்றையோர் பணங் கொடுத்தே ஆகவேண்டும். தொலைவிலுள்ளோரின் பிரயாணச் செலவுக்கு உதவுந் திட்டம் ஒன்றை மத்திய அரசாங்கம் 1978 ஆம் ஆண்டிலே தொடங்கிற்று. 1987 இல் அது மாநிலங்களின் கையிலே விடப்பட்டது. அதன் பின்னர் எல்லைக்கோட்டின் இப்பாலும் அப்பாலும் வாழும் இரு நோயாளர்க்கு இருவேறு விதிகள் உளவாயின. ஒரே நோய்க்கு நிலத்தைப் பொறுத்து நீதி வேறுபடுவது எவ்வாறு பொருந்தும் என்பதற்கு ஆட்சிமுறைக் காரணங்கள் கூறலாம். அறமுறைக் காரணம் கூறுதல் அரிது.

இத்திட்டங்களிலே மிகவும் பூசலுக்கு இடமாவது துணையாள் பற்றிய விதியாகும். வள்ளுவர் நான்காவதாக வைத்த அவ்வுதவியாளன் உடன்செல்வதற்குச் செலவு கொடுப்பதா என்பதை அலுவலர் ஒருவர் படிவத்தைப் பார்த்துத் தீர்மானிப்பார். உடல்நிலை பற்றிய வினாக்களுக்குப் படிவத்திலே இடமுண்டு. ஆங்கிலம் அறியாமை, நகரத்தைக் கண்டிராமை, அச்சம் என்பவற்றுக்கு அதே அளவு இடம் கிடைப்பதில்லை. 2006 ஆம் ஆண்டிலே வட ஆட்புலத்தில் நிகழ்ந்த ஒரு துயரம் இவ்விடத்தே நினைக்கத்தக்கது. கண்பார்வை மங்கிய ஆதிக்குடி முதியவர் ஒருவர், வைத்தியசாலையினின்றும் விடுவிக்கப்பட்டு, துணையாள் எவருமின்றிச் சிறு விமானத்திலே தம் ஊருக்கு அனுப்பப்பட்டார். விமானத் தளத்தில் அவரை எதிர்கொள்ள ஒருவரும் இருக்கவில்லை. சில நாட்களின் பின் அவர் இறந்துகிடக்கக் காணப்பட்டார். மரண விசாரணையும் நடைபெற்றது. நோயாளரைக் கொண்டுவரும் பயணத்துக்கு வைத்தியர், தாதி, விமானி ஆகியோர் பலர் பொறுப்பேற்பர். மீளும் பயணத்தையோ குணமடைந்தவரின் சொந்த அலுவலாகக் கருதும் வழக்கம் பல இடங்களிலும் உண்டு. மருத்துவம் வைத்தியசாலை வாயிலோடு முடிந்துவிடுகின்றதென்னும் எண்ணமே இத்தகைய சாவுகளுக்கு இடந்தருகின்றது.

ஏற்றிச்செல்வோரின் உயிரும் இவ்வாராய்ச்சியிலே சேரவேண்டும். இரவிலே கங்காருக்கள் குறுக்கிடும் நெடுஞ்சாலையில், பகல் முழுவதும் தம் வயலிலே உழைத்த தொண்டர், விடியும்வரை பொறுக்கக்கூடிய ஒரு பயணத்துக்காக வண்டி ஓட்டுதல் தகுமா? வான்வழி மருத்துவ சேவைகள் பலவற்றிலே ஒரு நல்ல வழக்கம் உண்டு. வானிலை நோக்கிப் பறப்பதா விடுவதா என்று விமானி முடிவுசெய்யும்போது நோயாளரின் நிலை அவருக்குச் சொல்லப்படுவதில்லை. குழந்தை என்றோ தாய் என்றோ கேட்டால் இரக்கம் மேலிட்டுப் புயலுக்குள்ளே புகுந்துவிடுவார் என்பதே காரணம். இரக்கத்தையும் சிலபோது கதவுக்கு வெளியே நிறுத்தவேண்டியுளது!

இவ்வளவும் நோயாளரை மருத்துவத்திடம் கொண்டுசெல்லுதலே வழியென்னும் கருத்தை அடிப்படையாகக் கொண்டவை. அக்கருத்தையே மாற்றி அமைத்தோர் நடு அவுஸ்திரேலியப் பாலையிலே வாழும் பின்துபி மக்களாவர். அவர்களின் ஊராகிய கின்ரோர், அலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரினின்றும் 500 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தொலைவிலே மேற்கே உள்ளது. கிழமைக்கு மும்முறை எவ்வண்டியும் அத்தொலைவைக் கடவாது. ஆகவே, சிறுநீரக நோயுற்றோர் குடும்பத்தையும் முன்னோர் நிலத்தையும் நீங்கி அந்நகரிலேயே எஞ்சிய வாழ்நாளைக் கழிக்க வேண்டியிருந்தது. நிலமே தெய்வமும் நூலும் சட்டமுமாக விளங்கும் மக்களுக்கு அது நாடுகடத்தல் போன்றது. உயிரா நிலமா என்று தெரிவுசெய்யுமாறு அவர்களைக் கேட்பதைச் சிகிச்சை என்று அழைத்தல் கடினம். சிலர் நிலத்தையே தெரிந்தெடுத்து வீடு திரும்பி இறந்தனர்.

பாலையிலே சுத்திகரிப்பு இயந்திரம் வைப்பது செலவுமிக்கது என்பதே அக்காலத்தில் அதிகாரிகளின் விடையாக இருந்தது. 2000 ஆம் ஆண்டிலே அம்மக்கள் தாம் தீட்டிய ஓவியங்களைச் சிட்னியிலுள்ள கலைக்கூடத்தில் ஏலமிட்டுப் பத்து இலட்சம் டொலருக்கு மேல் ஈட்டினர். அப்பணத்தைக் கொண்டு ஓர் அமைப்பை நிறுவி, 2004 இல் கின்ரோரிலேயே சுத்திகரிப்பைத் தொடங்கினர். இன்று அவ்வமைப்பு பத்துக்கு மேற்பட்ட சேய்மை ஊர்களிலே பணிபுரிகின்றது. 2018 முதல் இத்தகைய இடங்களில் அளிக்கும் சுத்திகரிப்புக்குத் தேசிய மருத்துவக் காப்புத் திட்டமும் பணம் வழங்குகின்றது.

எனினும் சிக்கல் முற்றிலும் நீங்கிவிடவில்லை. ஓர் ஊரிலே இயந்திரங்கள் சிலவே; நோயாளர் அவற்றினும் பலர். எவர் ஊரிலே தங்குவது, எவர் நகரிலே காத்திருப்பது என்று யாரேனும் முறைவகுக்க வேண்டியுளது. இக்குறையைச் சிறிதேனும் தணிக்க, சுத்திகரிப்பு இயந்திரங்களைப் பொருத்திய பாரவண்டி ஒன்றையும் அவ்வமைப்பு ஓட்டுகின்றது. உறவினரின் ஈமக்கடனுக்கோ திருவிழாவுக்கோ ஊர்செல்ல விரும்பும் நோயாளர்க்காக அவ்வண்டி பாலையைக் கடந்து செல்கின்றது. எந்தப் பிரயாண உதவித் திட்டத்தின் படிவத்திலும் ‘மருத்துவக் காரணம்’ என்னும் தலைப்பின்கீழ் இடம்பெறாத பயணம் அது. அதற்கெனக் காத்திருப்போரின் வரிசையோ நீண்டது.