நிற்காமல் போன வண்டி: துரத்தலில் நேரும் மரணமும் பொலிஸ் கற்கும் பாடமும்

பொலிஸார் மறிக்க, வண்டி நிற்காமல் ஓட, பின்னால் துரத்திப் போகும்போது யாராவது இறந்துவிட்டால் இரண்டு விசாரணைகள் நடக்கவேண்டும். குற்றம் யாருடையது என்று பார்ப்பது ஒன்று. அது நீதிமன்றத்தின் வேலை. துரத்தும் முடிவு எப்படி எடுக்கப்பட்டது, இன்னொரு ஊரில் இன்னொரு உத்தியோகத்தர் அதே முடிவை எடுக்காமலிருக்க எதை மாற்றவேண்டும் என்று பார்ப்பது மற்றது. முதலாவதோடு கோப்பை மூடிவிட்டால், ஒருவர் தண்டிக்கப்பட்டாலும் விடுவிக்கப்பட்டாலும், அடுத்த மரணத்துக்கான காரணம் அப்படியே கிடக்கும்.

2016 ஒக்டோபர் 20ஆம் திகதி இரவு யாழ்ப்பாணம் கொக்குவில் குளப்பிட்டிச் சந்திப் பகுதியில் மோட்டார் சைக்கிளில் சென்ற யாழ். பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் இறந்தனர். ஒருவர் கிளிநொச்சியைச் சேர்ந்தவர். முதலில் வந்த செய்தி விபத்து என்றது. பிரேத பரிசோதனையில் துப்பாக்கிச் சூட்டுக் காயம் வெளிப்பட்டது. நிறுத்தச் சொல்லியும் நிற்கவில்லை, அதனால் சுடப்பட்டது என்ற விளக்கம் அதன் பின்னரே வந்தது. பொலிஸார் ஐவர் கைதாகிப் பணி இடைநிறுத்தப்பட்டனர்; வடக்கு முழுவதும் கடையடைப்பு நடந்தது. அன்று பொலிஸ் வாகனம் பின்தொடர்ந்ததா இல்லையா என்பது வேறு கேள்வி. நிற்காத வண்டி என்பதே ஆபத்தான குற்றவாளி என்று எண்ணவைத்துவிடுகிறது. துரத்தல் மரணங்களுக்கும் இந்தச் சூட்டுக்கும் வேர் ஒன்றே. மற்றப் பாடம் இன்னும் முக்கியமானது: சம்பந்தப்பட்டவர்களே முதல் அறிக்கையை எழுதினால், அதிலிருந்து எவரும் எதையும் கற்க முடியாது.

இங்கிலாந்திலும் வேல்சிலும் பொலிஸ் துரத்தலில் மரணம் நேர்ந்தால், பொலிஸ் நடத்தைக்கான சுயாதீன அலுவலகத்துக்கு அதை அறிவித்தே ஆகவேண்டும். அப்படிப்பட்ட மரணங்களின் கணக்கு ஆண்டுதோறும் வெளியிடப்படுகிறது. கணக்கு இருந்தால்தான் தனித்தனி விபத்தாகத் தெரிந்தவை ஒரே வகையாகத் தெரியத் தொடங்கும். அந்த அலுவலகத்துக்கு முன்னோடியான ஆணைக்குழு 2007இல் பல சம்பவங்களைச் சேர்த்து ஆராய்ந்து, துரத்தலுக்குக் கட்டாய விதிகள் வேண்டும் என்றது. 2011இல் அவ்விதிகள் சட்டபூர்வ வலுப் பெற்றன. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் மைக்கல் பார்ன்ஸ் என்ற தலைமை மரண விசாரணை அதிகாரி பல துரத்தல் மரணங்களை ஒன்றாக வைத்துப் பார்த்து 2010இல் அறிக்கை தந்தார். 2011 முடிவில் அங்கே சிறு குற்றங்களுக்காகத் துரத்துவது பெரும்பாலும் கைவிடப்பட்டது.

இந்த ஆய்வுகளிலெல்லாம் திரும்பத் திரும்ப வருவது ஒரே விடயம். தப்பி ஓடுபவர்களில் மிகப் பலர் ஓடுவது கொலைக்குற்றத்துக்காக அல்ல; அனுமதிப்பத்திரம் இல்லை, குடித்திருக்கிறார், காப்புறுதி முடிந்துவிட்டது என்பதற்காக. இறப்பவர்களில் அதிகம் அவர்களும் பின்னால் இருந்து வந்தவர்களும் வீதியில் நின்றவர்களுமே. துரத்துபவரின் மனநிலையும் கணக்கில் எடுக்கப்படவேண்டும். மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் வண்டி ஒரு நொடியில் 22 மீற்றர் ஓடிவிடும். உடலில் அவசரம் ஏறியபோது பார்வை முன்னால் போகும் சிவப்பு விளக்கிலேயே குவிகிறது. குறுக்கே வரும் சைக்கிள் தெரிவதில்லை. எனவே துரத்தலைத் தொடர்வதா நிறுத்துவதா என்று வாகனத்தில் இல்லாத மேலதிகாரி வானொலி வழியே முடிவுசெய்ய வேண்டும் என்பது பல நாடுகளின் விதியாயிற்று. நிறுத்தச் சொன்னதும் துரத்தலை நிறுத்திய உத்தியோகத்தருக்கு அவமானம் எதுவும் இல்லை என்பதும் பயிற்சியில் சொல்லித் தரப்படவேண்டும். இல்லாவிட்டால் விதி தாளிலேயே இருக்கும்.

கற்றது நிலைக்கும் என்ற உறுதியும் இல்லை. நியூசிலாந்தில் பொலிஸும் சுயாதீன பொலிஸ் நடத்தை அதிகாரசபையும் 2019இல் துரத்தல்களைக் கூட்டாக ஆராய்ந்தன. 2020 டிசெம்பரில் துரத்தல் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. நிற்காமல் ஓடுவோர் தொகை பெருக, 2023இல் கட்டுப்பாடு தளர்ந்தது. ஓடியவரைப் பிறகு தேடிப் பிடிக்கும் வழி பலமாக இல்லாமல் துரத்தலை மட்டும் குறைத்தால் இந்த அழுத்தம் வந்தே தீரும்.

இலங்கையில் சட்டத்தின் அடித்தளம் தெளிவானது. 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டக்கோவையின் 23ஆம் பிரிவு, கைதுசெய்யும் அதிகாரத்தை வைத்துக்கொண்டு, மரணதண்டனைக்குரிய குற்றம் சாட்டப்படாத ஒருவருக்கு மரணம் விளைவிக்க இடம் தரவில்லை. பயாகல பொலிஸ் தொடர்பான வழக்கொன்றில், இறந்தவரின் மனைவி அடிப்படை உரிமை மனுவைத் தொடரலாம் என்று உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 1996இன் சட்டத்தால் உருவான மனித உரிமைகள் ஆணைக்குழு விசாரித்துப் பரிந்துரைக்கலாம். தேசிய பொலிஸ் ஆணைக்குழு முறைப்பாடுகளை ஏற்கும். இவை யாவும் ஒவ்வொரு சம்பவத்தையும் தனியாக எடுத்துப் பொறுப்புக் காணும் வழிகள். பத்து மரணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வேலையைப் பொலிஸ் திணைக்களம் தானாகவே ஏற்கவேண்டும்.

வன்னியில் அந்த வேலை அவசரமானது. மாங்குளத்திலிருந்து மல்லாவி, துணுக்காய் வழியாக வெள்ளாங்குளம் போகும் வீதியை நினைத்துப் பார்க்கலாம். இரவில் நெடுந்தூரம் இருட்டு, கட்டாக்காலி மாடுகள் தாரிலேயே படுத்திருக்கும், அறுவடைக் காலத்தில் ஓரத்தில் நெல் காயும், யானையும் குறுக்கிடலாம். அப்படியான வீதியில் தலைக்கவசம் இல்லாத பெடியன் ஒருவனைத் துரத்துவது, தலைக்கவசம் இல்லாத குற்றத்தைவிடப் பல மடங்கு பெரிய ஆபத்தை உண்டாக்குவது. இலக்கத்தகடு தெரிந்தால் காலையில் வீட்டுக்கே போகலாம். கிராம சேவகரைக் கேட்டாலும் ஆள் தெரியும். அனுமதிப்பத்திரம் இல்லாமல் மணல் ஏற்றிய ரிப்பருக்கும் உழவு இயந்திரத்துக்கும் இது பொருந்தும்: அவை போகக்கூடிய வழிகள் சிலவே, அடுத்த சந்திக்கு அறிவித்தால் போதும். மறிக்கும் இடமும் அப்படியே. வளைவுக்கு அப்பால் இருட்டிலிருந்து திடீரென்று பாயாமல், வெளிச்சத்தோடும் ஒளிரும் மேலங்கியோடும் தூரத்திலிருந்தே தெரியும்படி நின்றால் ஓடும் எண்ணமே பலருக்கு வராது.

2025 ஜூலையில் வவுனியா கூமாங்குளத்தில் மோட்டார் சைக்கிளில் சென்ற ஒருவர் இறந்தபோது, போக்குவரத்துப் பொலிஸார் துரத்திச் சென்று சில்லுக்குள் தடியைச் செருகினர் என்று ஊரவர்கள் குற்றஞ்சாட்டினர், பொலிஸ் மறுத்தது. அதையடுத்து மூண்ட கைகலப்பில் பொலிஸார் காயப்பட்டனர், வாகனங்கள் சேதமாயின. இரு தரப்பும் ஏற்கக்கூடிய பதிவு கையில் இருந்தால் அந்த இரவில் கோபம் வேறு திசையில் போயிருக்கலாம். சீருடைக் கமெரா, வாகனத்தின் இடங்காட்டிப் பதிவு, வானொலி உரையாடல், மறித்த காரணத்தை உடனே எழுதிய குறிப்பு ஆகிய நான்கும், சம்பவத்தில் பங்கில்லாத வேறு பிரிவினரால் அன்றிரவே முத்திரையிடப்பட்டு, சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கையோடு நீதவானிடம் போகவேண்டும். அதே பிரதி பயிற்சிக் கல்லூரிக்கும் போகவேண்டும். மாதங்கள் கழித்து, பெயர்களை நீக்கி, புதிதாகச் சேரும் கான்ஸ்டபிள்களுக்கு அந்த இரவு படிப்பிக்கப்பட வேண்டும்.