ஷோரூமுக்கு வந்த ரேஸ் பைக்

கடையில் யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்கக்கூடிய பைக்கைத்தான் பந்தயத்தில் ஓட்ட வேண்டும். 1988இல் இங்கிலாந்தின் டானிங்டன் பார்க்கில் உலக சூப்பர்பைக் போட்டி தொடங்கியபோது அதன் ஆதார விதி இதுதான்.

ஹோண்டா இந்த விதியைப் பின்னாலிருந்து படித்தது. முதலில் ரேஸ் பைக்கைச் செய், பிறகு ஹெட்லைட் மாட்டு, விற்பனைக்கு வை. அப்படிப் பிறந்ததுதான் ஆர்.சி.30. உள்ளே டைட்டானியம் கனெக்டிங் ராடுகள். முதல் கியரே அசுர வேகத்துக்கானது என்பதால், சிக்னலில் பாதிக் கிளட்ச்சில்தான் கிளப்ப வேண்டும். வாங்கியவர்கள் அதையும் பெருமையாகவே சொல்லிக்கொண்டார்கள். 1988, 1989 இரண்டு பட்டங்களையும் அதில் அமர்ந்து வென்றவர் அமெரிக்கரான ஃபிரெட் மெர்கல்.

அடுத்த வில்லங்கம் சிசி கணக்கில். நான்கு சிலிண்டர் என்றால் 750 சிசி வரை, இரண்டு சிலிண்டர் என்றால் 1000 சிசி வரை. காரணம் நியாயமானதுதான். சிறிய பிஸ்டன்கள் வேகமாக ஏறி இறங்கும். ஒரே கொள்ளளவில் நான்கு சிலிண்டர் இன்ஜின் கூடுதல் சக்தி தரும். பெரிய பிஸ்டனால் அது முடியாது. ஆனால் சலுகை எந்த இடத்தில் வரமாகிறது? 2002 வரையிலான 15 பட்டங்களில் 11 இரட்டை சிலிண்டருக்கே போயின, ஒன்பது டுகாட்டியுடையவை. புலம்பிச் சலித்த ஹோண்டா கடைசியில் தானும் ஒரு 1000 சிசி இரட்டை சிலிண்டர் பைக்கைச் செய்து 2000இல் பட்டத்தைத் தூக்கியது. விதியைத் திட்டிக்கொண்டே விதிக்குள் புகுந்துகொள்வது இந்த விளையாட்டின் குணம்.

2003இல் எல்லாருக்கும் 1000 சிசி என்று மாற்றினார்கள். அதில் மாட்டிக்கொண்டது மலேசியாவின் பெட்ரோனாஸ். நான்குமுறை சாம்பியன் கார்ல் ஃபோகர்ட்டியின் அணிக்காக, மூன்று சிலிண்டருக்கான பழைய 900 சிசி வரம்பை நம்பி உருவான எஃப்.பி.1, அதே ஆண்டுதான் களமிறங்கியது. தகுதி பெற 150 சாலை வண்டிகள் கட்டியாக வேண்டும், கட்டினார்கள். களத்திலோ எதிரே 1000 சிசி இன்ஜின்கள். 2006உடன் கதை முடிந்தது. ஒரு பந்தயத்தில்கூட வெற்றியில்லை.

சாலை வண்டிகளில் பெரும்பாலானவை வாங்க ஆளைப் பார்க்காமலே கிடங்கில் கிடந்தன. சில ஆண்டுகள் கழித்து ஒரு மலேசிய நிறுவனம் அவற்றை எடுத்து, மொமோட்டோ எம்.எம்.1 என்று புதுப்பெயர் ஒட்டி விற்பனைக்கு வைத்தது.