ஒரே வயல், இருவேறு பசி

நடவு முடிந்து இரண்டு மூன்று வாரங்கள் சென்ற நெல் வயலின் வரப்பில் நின்று பார்ப்போருக்கு, பயிர் முழுவதும் ஒரே நிறமாய் இராமல், ஓரிடத்தில் கரும்பச்சையாகவும், ஓரிடத்தில் வெளிறியும், வேறோரிடத்தில் துருவேறினாற்போன்ற புள்ளிகளோடும் திட்டுத்திட்டாய்த் தோற்றமளிப்பது அபூர்வமான காட்சியன்று. விதை ஒன்று, நட்ட நாள் ஒன்று, இட்ட உரமும் ஒன்று. அப்படியிருக்க இந்தப் பேதம் எப்படி வந்தது என்று திகைக்கும் விவசாயி, உரம் போதவில்லை என்று தாமே தீர்மானித்து, மேலும் ஒரு மூட்டை யூரியாவை வாங்கி வந்துவிடுகிறார். குறை பெரும்பாலும் மூட்டையில் இல்லை. பரம்பு சரியாக அடிக்காத நிலத்தின் மேடுபள்ளத்தில் இருக்கிறது.

மண்ணில் தண்ணீர் தேங்கி நின்றால், அதிலுள்ள பிராணவாயுவை நுண்ணுயிர்கள் ஓரிரு தினங்களிலேயே தீர்த்துவிடுகின்றன. அதன் விளைவாக, இறுகிக் கிடந்த இரும்பு கரையும் ரூபத்தை அடைய, அதனோடு பிணைந்திருந்த மணிச்சத்தும் ஓரளவு விடுபட்டு வேருக்குக் கிட்டுகிறது. நெல் தண்ணீரில் செழிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நீரேறாத மேட்டிலோ, முக்கியமாகச் சுண்ணாம்பு மிகுந்த மண்ணில், அதே இரும்பு கரையாமலே கிடப்பதால், காலடியில் அது ஏராளமாய் இருந்தும் பயிர் பட்டினி கிடக்கிறது. இரும்பு பழைய இலையிலிருந்து புதிய இலைக்கு எளிதில் பெயர்ந்து செல்லாது; ஆகையால் முதலில் குருத்துதான் வெளுக்கும். தழைச்சத்துக் குறைந்தாலோ, பயிர் தன் அடியிலைகளிலிருந்து அதை எடுத்துக் குருத்துக்கு அனுப்புவதால், அடியிலைகளே முதலில் மஞ்சளாகும். இந்த ஒரு வித்தியாசத்தை அறிந்தவர், வெளுத்த குருத்தைக் கண்டு யூரியாவைத் தேடி ஓடமாட்டார்.

பள்ளத்தின் சங்கடம் வேறு விதமானது. நீர் வடியாமல் நெடுநாள் நிற்குமிடத்தில் துத்தநாகம் பயிருக்கு எட்டாமற் போய், கீழிலைகளில் பழுப்புப் புள்ளிகள் படர்ந்து, தூர் கட்டுவது நின்று, பயிர் குட்டையாகிவிடும். வட நாட்டின் தராய்ப் பிரதேசத்தில் ‘கைரா’ என்ற பெயரால் நோயென்று அஞ்சப்பட்ட இதற்குத் துத்தநாகக் குறைவே காரணம் என்பதை, பந்த்நகர் விவசாயப் பல்கலைக்கழகத்து அறிஞர் ஒய்.எல். நேனே 1966-இல் எடுத்துக்காட்டினார்.

இனி, மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடைப்பட்ட பாகம். முறை தவறி வரும் தண்ணீரால் அது சில நாள் காய்ந்தும் சில நாள் நனைந்தும் கிடக்கிறது. காய்ந்தபோது அம்மோனியாவாயிருந்த தழைச்சத்து நைட்ரேட்டாக மாறுகிறது, மறுபடி நீர் தேங்கியதும் அந்த நைட்ரேட் வாயுவாகி ஆகாயத்தில் கலந்துபோகிறது. கடைமடை விவசாயி இட்ட உரத்தில் ஒரு பங்கு இப்படியே வீணாகிறது. இதைக் கொண்டு, திருந்திய நெல் சாகுபடியில் சொல்லப்படும் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ தவறென்று எண்ணலாகாது: மயிரிழை வெடிப்புக் கண்டதும் 2.5 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பாய்ச்சுகிற அந்த முறை அளவறிந்து செய்வது. மடை திறக்கும் நாளே தெரியாமல் நிலம் வாரக்கணக்கில் பிளந்து கிடப்பது விதிவசத்தால் நேர்வது.

ஆகவே உரக்கடைக்குப் போகுமுன் பரம்பை எடுங்கள். சேறு கலக்கும்போதே நீரின் மட்டத்தைக் கண்ணுக்குத் துணையாகக் கொண்டு, மேட்டு மண்ணைப் பள்ளத்துக்கு இழுத்துவிடுங்கள். துத்தநாகக் குறைவுள்ள நிலமானால், ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலோடு கலந்து நடவுக்கு முன் தூவலாம். அதை சூப்பர் பாஸ்பேட்டோடு சேர்த்துக் கலந்தால் இரண்டும் பிணைந்து பயனற்றுப் போகும். மண் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கும்போது, மேட்டு மண்ணையும் பள்ளத்து மண்ணையும் ஒரே பையில் போடாமல், தனித்தனியே 15 சென்டிமீட்டர் ஆழம் வரை வெட்டி எடுத்து, தனித்தனியே பெயரெழுதிக் கொடுங்கள்.