டிஷ்ஷைத் திருப்புங்க... உலகம் பேசும்!

"டிஷ்ஷு இருநூறு ரூபா. சரி, டி.வி. எங்க தம்பி வெச்சிருக்கீங்க?"

பழைய இரும்புக் கடை அண்ணாச்சி கேட்ட கேள்விக்கு எங்ககிட்ட பதில் இல்லை. "டி.வி. பாக்க இல்லண்ணே... ரேடியோ கேக்க" என்றான் என் டீம்மேட். அண்ணாச்சி எங்க ரெண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஐம்பது ரூபாயைக் குறைத்துக்கொண்டார். பாவம் பார்த்தாரா, பயந்தாரா தெரியவில்லை!

விஷயம் இதுதான். மூணாவது வருஷம் இ.சி.இ. படிக்கிறோம். மினி புராஜெக்ட்டுக்கு 'ஹாம் ரேடியோவின் உயர் அலைவரிசை ரிசீவர்' என்று கெத்தாகத் தலைப்பு கொடுத்தாச்சு. ஹாம் ரேடியோ தெரியும்தானே? அரசு உரிமம் வாங்கி, லாபநோக்கம் இல்லாமல், சொந்த ரேடியோவில் உலகத்தோடு பேசும் பொழுதுபோக்கு. 'கடையில ரெடிமேடா ஒரு செட்டு வாங்குவோம், நாலு வயர் கனெக்ட் பண்ணுவோம், ரிவ்யூ முடிப்போம்' என்பதுதான் பிளான். அம்மாகிட்ட கெஞ்சி வாங்கின எட்டாயிரம் ரூபாய்தான் மொத்த பட்ஜெட்.

டவுன்ஹால் ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கினோம். செல்போன் பேட்டரி இருக்கு, ஸ்பீக்கர் இருக்கு, ரிமோட் இருக்கு. "1,200 மெகாஹெர்ட்ஸ் ஹாம் செட் இருக்காண்ணே?" என்றால், "பொம்மை வாக்கி டாக்கியா தம்பி?" என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன செய்ய? மதுரையில் இதைக் கேட்டு வருஷத்துக்கு எத்தனை பேர் வரப்போறாங்க!

மேல போகப் போக... கடை காலி!

ஹாம்களுக்கு இந்தியாவில் பல அலைவரிசைகள் உண்டு. அதில் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ், 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் ரெண்டும் ஜனரஞ்சகமானவை. இதற்குக் கையடக்க செட்கள் சில ஆயிரம் ரூபாய்க்கே உண்டு. அதற்கு மேல் 1,260 முதல் 1,300 மெகாஹெர்ட்ஸ் வந்தாலே செட்கள் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். ஐகாம் கம்பெனியின் ஐ.சி.-9700 அந்த மூணு பேண்டையும் ஒரே பெட்டியில் தருகிறது. 2023-ல் வந்த ஐ.சி.-905 இன்னும் மேலே போய் 2.4, 5.6 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் போகும். தனியாக ஒரு பெட்டி சேர்த்தால் 10 கிகாஹெர்ட்ஸும் உண்டு. சூப்பர்ல? விலையைப் பார்த்தோம். லட்சத்தில் இருந்தது. சத்தமில்லாமல் லேப்டாப்பை மூடிவிட்டோம்.

இன்னொரு வழி, டிரான்ஸ்வெர்ட்டர். கையில் இருக்கிற 144 மெகாஹெர்ட்ஸ் செட்டோடு இதை இணைத்தால், சிக்னலை மேல் பேண்டுக்கு ஏற்றி இறக்கித் தரும். ஜெர்மனியின் குனே, அமெரிக்காவின் டவுன் ஈஸ்ட் மைக்ரோவேவ் மாதிரி சின்னச் சின்ன நிறுவனங்கள் செய்கின்றன. ஆனால் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கணும், அனுமதி வாங்கணும், கஸ்டம்ஸ் தாண்டணும். ரிவ்யூவுக்கோ மூணே வாரம். டீமில் மூணாவது ஆள், "மாப்ள, நான் லைன் ஃபாலோயர் ரோபோ டீமுக்குப் போறேன்டா" என்று கழன்றுகொண்டான்.

மாடியில இருக்குடா மடையா!

உரிமம் வைத்திருக்கிற சீனியர் அண்ணன் ஒருத்தரிடம் போய்ப் புலம்பினோம். சிரித்தார். "10 கிகாஹெர்ட்ஸ் ரிசீவர் ரெடிமேடா வேணுமா? உங்க வீட்டு மொட்டைமாடியில இருக்குடா!"

டி.டி.எச். டிஷ்ஷுக்கு முன்னால் கை நீட்டி நிற்குமே ஒரு சின்ன டப்பா... எல்.என்.பி. அதன் வேலையே 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் வருகிற சிக்னலைப் பிடித்து, கேபிளில் போகிற அளவுக்குக் கீழே இறக்குவதுதான். ஹாம்களுக்காக யாரும் இதைச் செய்யவில்லை. கோடிக்கணக்கான வீடுகளில் சீரியல் ஓடணும் என்று செய்தார்கள். அதனால்தான் நானூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

சரி, எதைக் கேட்பது? அதற்கும் அண்ணனிடம் விடை இருந்தது. 2018 நவம்பர் 15-ல் ஏவப்பட்ட கத்தார் நாட்டு டி.வி. சாட்டிலைட் எஸ்ஹெய்ல்-2. அதற்குள் ஹாம்களுக்கென்றே ஒரு டிரான்ஸ்பாண்டரை வைத்திருக்கிறார்கள். ஹாம் உலகத்தில் அதற்குப் பெயர் கியூ.ஓ.-100. சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுற்றும் வேகத்திலேயே சுற்றுவதால் நகராமல் நிற்கிற மாதிரி இருக்கும். பிரேசிலில் இருந்து தாய்லாந்து வரை அதன் பார்வையில் படும். நடுவில் நம்ம மதுரையும்! அண்டார்டிகாவில் இருக்கிற ஜெர்மனியின் ஆராய்ச்சி நிலையம்கூட இதன் வழியாகப் பேசுகிறது.

கணக்கு சிம்பிள். சாட்டிலைட்டின் அடையாள சிக்னல் வருவது 10,489.75 மெகாஹெர்ட்ஸில். எல்.என்.பி. அதில் 9,750-ஐக் கழித்துவிடும். மிச்சம் 739.75. இதை, டி.வி. பார்க்கச் செய்த யு.எஸ்.பி. டாங்கிளே பிடிக்கும். அந்த டாங்கிளை ரேடியோவாக மாற்றலாம் என்று 2012-ல் உலகத்துக்குத் தெரிந்த பிறகு, லேப்டாப்பே ரிசீவர்!

மூணு நாள்... வெறும் சொய்ங்!

காளவாசல் பக்கம் எங்க வீட்டு மாடியில் வேலை ஆரம்பம். மதுரை டிஷ்கள் எல்லாம் கிழக்கே பார்த்து மல்லாந்திருக்கும். எங்க டிஷ் மேற்கே, நாகமலைப் பக்கம், 30 டிகிரி உயரத்தைப் பார்க்கணும். ஆஃப்செட் டிஷ் என்பதால் பார்க்க நெட்டுக்குத்தாக நிற்கும். பக்கத்து மாடியில் துணி காயப்போட வந்த அக்கா, "தம்பி, டிஷ்ஷைத் தப்பாத் திருப்பி வெச்சிருக்கீங்க. சீரியல் வராது" என்று அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சீரியல் மட்டுமா, எதுவுமே வரலை. திசைகாட்டி சரி. கோணம் சரி. எல்.என்.பி.க்கு 13 வோல்ட் போகுது. அதை நேராக டாங்கிளில் ஏற்றினால் டாங்கிள் பரலோகம் போய்விடும் என்று அண்ணன் எச்சரித்ததால், நடுவில் பயாஸ் டீ என்கிற சின்ன சர்க்யூட்டும் போட்டாச்சு. அது மின்சாரத்தை மேலே அனுப்பும், சிக்னலை மட்டும் கீழே விடும். எல்லாம் சரி... ஆனா சொய்ங் என்ற இரைச்சல்தான். மூணு நாள். ரிவ்யூவுக்கு இன்னும் ரெண்டே நாள். "அந்த எட்டாயிரம் என்னடா ஆச்சு?" என்று அம்மா கேட்டுவிடுவாரோ என்று சாப்பிடக்கூட கீழே இறங்கலை.

மூணாவது நாள் ராத்திரி நோட்டை எடுத்துப் படம் போட்டுப் பார்த்தோம். அப்பத்தான் உறைத்தது. நாங்கள் பின்பற்றியது ஐரோப்பாக்காரர்கள் எழுதின குறிப்பு. சிக்னல் 'செங்குத்து' வாக்கில் வரும், எல்.என்.பி.யைக் கொஞ்சமாகச் சாய்த்தால் போதும் என்று இருந்தது. அந்தச் செங்குத்து, பூமியின் வடக்கு - தெற்கை வைத்துச் சொல்வது. மதுரை இருப்பது சுமார் 10 டிகிரி அட்சரேகையில், பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில். இங்கிருந்து மேற்கே பார்த்து நில்லுங்கள். வடக்கு எங்கே இருக்கு? வலது கைப் பக்கம்! அப்படியென்றால் அவர்களுக்குச் செங்குத்தாக நிற்கிற அலை, நமக்குக் கிட்டத்தட்டப் படுத்துக்கொண்டு வருகிறது. கணக்குப் போட்டால் 77 டிகிரி திருப்பணும்!

டார்ச் வெளிச்சத்தில் எல்.என்.பி.யைப் பிடித்து கால் வட்டம் திருப்பினான் டீம்மேட். லேப்டாப் திரையில், புல்வெளியில் முளைத்த ஒற்றைக் கம்பு மாதிரி ஒரு கோடு நிமிர்ந்தது. அடையாள சிக்னல்! கொஞ்சம் நகர்த்தினால்... மனுஷக் குரல். கரகரவென்று ஒரு ஜெர்மன்காரரும் ஒரு பிரேசில்காரரும் வானிலை பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நாங்க போட்ட கூச்சலில் அம்மா மாடிக்கு வந்துவிட்டார். "யாருப்பா பேசுறது?"

"பிரேசில்லேர்ந்தும்மா."

"போன் பில்லு யாரு கட்டுறது?"

வெயிலும் ஒரு வில்லன்

மறுநாள் மத்தியானம் கேட்டால் குரல்கள் இடம் மாறி ஓடுகின்றன. காரணம், நம்ம ஊர் வெயில். பழைய எல்.என்.பி. சூடேறினால் அதன் உள் அலைவரிசை நழுவும். டி.வி.க்கு அது பொருட்டே இல்லை. ஆனால் ஒரு ஹாமின் குரல் மூணு கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குள் அடங்குவது. கொஞ்சம் நழுவினாலும் கீச்சுக் குரலாகிவிடும். பி.எல்.எல். வகை எல்.என்.பி.க்கு மாற்றினோம், ஓரளவு அடங்கியது. வாங்கும்போது 'பி.எல்.எல்.', '9750' ரெண்டும் எழுதியிருக்கா என்று பார்த்து வாங்குங்க.

நாம புதுசு இல்லைங்க!

உயர் அலைவரிசையில் நம்ம நாட்டுக்குப் பழைய உறவு உண்டு. கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ், 1890-களிலேயே அஞ்சு மில்லிமீட்டர் நீள அலைகளை வைத்துச் சோதனை செய்தார். இன்றைய கணக்கில் 60 கிகாஹெர்ட்ஸ்! கடையில் வாங்க எதுவும் இல்லாத காலம், எல்லாக் கருவியும் சொந்தத் தயாரிப்பு. 2005 மே 5-ல் இஸ்ரோ அனுப்பிய ஹாம்சாட், ஹாம்களுக்காகவே செய்த 42.5 கிலோ சாட்டிலைட். 2014 வரை உழைத்தது.

பக்கத்து ஊர்க் கதையும் கேளுங்க. திருமங்கலம் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி மாணவிகளும் சேர்ந்து உருவாக்கிய ஆசாதிசாட், 2022 ஆகஸ்ட் 7-ல் ராக்கெட் சரியான பாதையில் சேர்க்காததால் வீணானது. அதிலும் ஹாம் டிரான்ஸ்பாண்டர் இருந்தது. விட்டார்களா? 2023 பிப்ரவரி 10-ல் ஆசாதிசாட்-2 விண்ணுக்குப் போனது. மூணு நாள் இரைச்சலுக்கே சோர்ந்துபோன எங்களுக்கு இது நல்ல பாடம்.

பேசணும்னா..?

நாங்கள் செய்தது கேட்பது மட்டும்தான். அலை அனுப்ப உரிமம் கட்டாயம். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவுதான் தருகிறது. 12 வயது நிரம்பினால் போதும், ரேடியோ அடிப்படையும் விதிமுறையும் தெரிந்திருந்தால் தேர்வில் ஜெயிக்கலாம். முதல் நிலைக்கு மோர்ஸ் தேவையில்லை. கியூ.ஓ.-100 சாட்டிலைட்டுக்குப் பேசணும் என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸில் அனுப்பணும். உங்க உரிமத்தில் அந்த அலைவரிசை இருக்கிறதா என்று பார்க்காமல் கை வைக்காதீங்க. ஆன்லைனில் வாக்கி டாக்கி ஆர்டர் போட்டு, உரிமம் இல்லாமல் பேசுவதும் தப்புதான்.

ரிவ்யூ அன்று கைடு சார் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "செட்டு எங்கப்பா வாங்கினீங்க?"

"டிஷ் இரும்புக் கடை சார், டாங்கிள் ஆன்லைன், எல்.என்.பி. டி.டி.எச். மெக்கானிக்."

"77 டிகிரி?"

"அது எங்கயும் ரெடிமேடா கிடைக்கலை சார். நாங்களே செஞ்சோம்."

மார்க் எவ்வளவு என்று கேட்காதீங்க, இன்னும் போடலை. எட்டாயிரத்தில் மூவாயிரம் மிச்சம். அதை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தேன். உரிமத் தேர்வுக்குப் பணம் கட்ட மறுபடி கேட்கணும் இல்லையா!