மண்டரின் தோடம்பழம்: நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்!

நோயாளி ஒருவரைப் பார்க்கப் போகும்போது பழக்கடையில் எதைத் தெரிவு செய்கிறீர்கள்? செம்மஞ்சளாகப் பளபளக்கும் பழத்தைத்தானே? சகோதரிகளே! மண்டரின் எனப்படும் சிறிய தோடம்பழத்தின் விடயத்தில் இந்த நிறத்தை நம்பிவிடாதீர்கள்.

கையாலேயே உரிக்கக்கூடிய மெல்லிய தோலுடைய இப்பழத்தின் தாயகம் தென் சீனா. கி.பி. 1178இல், அதாவது ஹிஜ்ரி 6ஆம் நூற்றாண்டில், சீன அதிகாரி ஒருவர் தோடை இனப் பழங்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். 1805இல் மண்டரின் இங்கிலாந்தை அடைந்தது. நாம் வழமையாக உண்ணும் தோடம்பழம், மண்டரினும் ஜம்போலாவும் கலந்து பிறந்ததாகும். ஹதீஸில் வரும் ‘உத்ருஜ்ஜா’வைச் சிலர் தோடம்பழம் என்பர். அது கடாரநாரத்தை, இக்குடும்பத்தின் இன்னொரு மூதாதை.

தோட்டங்களில் வேறொரு தோடை இனத்தின் கன்றில் மண்டரின் மொட்டை ஒட்டி வளர்க்கிறார்கள். இன்று உலகிலேயே அதிகம் விளைவிப்பதும் சீனாதான். ஸ்பெயின், துருக்கி, மொரோக்கோ ஆகிய நாடுகளும் பெருமளவில் பயிரிடுகின்றன. பழத்தை இழுத்துப் பிடுங்கினால் தோல் கிழிந்து அழுகிவிடும். ஆகவே கத்தரியால் காம்புடன் நறுக்கி எடுப்பார்கள்.

இனி நிறத்துக்கு வருவோம். இரவுகள் குளிர்ந்தால்தான் தோலின் பச்சை மறையும். நம் நாட்டைப் போன்ற உஷ்ணப் பிரதேசங்களில் உள்ளே நன்கு பழுத்த பின்னும் வெளியே பச்சையாகவே இருக்கலாம். எதிலீன் வாயுவைச் செலுத்தி நிறம் மாற்றுவதும் உண்டு. ஆனால், பறித்த பின் இப்பழம் மேலும் இனிப்பாவதில்லை. எனவே கையில் எடுத்துப் பாருங்கள். பருமனுக்கு ஏற்பக் கனமானதே சாறு நிறைந்தது. தோல் உப்பி இலேசாக இருப்பதைத் தவிருங்கள். மெழுகு பூசியிருக்கக்கூடும், கழுவிய பின்பே உரியுங்கள்.

100 கிராம் சுளையில் சுமார் 27 மில்லிகிராம் விற்றமின் சீ உண்டு. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்ச இது உதவுகிறது. சாப்பிட்டவுடன் குடிக்கும் பிளேன்டீயோ அதைத் தடுக்கிறது. இரத்தசோகையால் களைத்துப்போகும் தாய்மார்களே, தேநீரைச் சற்றுப் பிற்படுத்தி, பகலுணவோடு ஒரு பழம் உண்ணுங்கள்.

விலை கூடிய காலத்தில் வருந்த வேண்டியதில்லை. நம் வளவுக் கொய்யாவில் இதைவிடப் பல மடங்கு விற்றமின் சீ உள்ளது. நோயாளிக்கு அதைக் கொண்டுபோக வெட்கப்படாதீர்கள்!